சாவி பள்ளிவாசலில் தொங்காது

என் காரை வாங்க ஆள் இருக்கிறது என்று அந்த வருடம் என்னிடம் வந்து சொல்லாதது எங்கள் கரையில் ஆடும் கோழியும் மட்டும்தான். என் தம்பி மகன் சொன்னான். மீன்வாடி முதலாளி சொன்னார். நுரைச்சோலையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ், எஞ்சினுக்குள் விட்ட தலையை எடுக்காமலே சொன்னார். கண் சரியில்லாத பொம்பிளைக்கு இனி என்னத்துக்கு இந்தக் கார் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கவலை. "விக்கிறதா இருந்தா ஒங்களக் கேட்டுக்கிட்டா விப்பன்?" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைக் கொடுத்து அனுப்பினேன்.

அது சும்மா கார் இல்லை. ஜெர்மன்காரன் செய்தது. கறுப்பு நிறம். பார்வைக்கு நாலு கதவு வைத்த குடும்பக் கார், உள்ளே இருப்பதோ பந்தயக் காருக்கு வைக்கிற எஞ்சின். காலை வைத்தால் போதும், பாலாவிச் சந்தி பின்னால் போய்விடும். தோல் இருக்கை, பொத்தானை அமுக்கினால் கட்டில் மாதிரிச் சாயும். இன்னொரு பொத்தானை அமுக்கினால் இருக்கை சூடாகும். புத்தளத்து வெயிலில் இருக்கையைச் சூடாக்க ஒரு பொத்தான்! குளிர் நாட்டுக்காரனுக்கென்று செய்த சாமானைக் கொண்டுவந்து எங்கள் மணலில் விட்டால் இப்படித்தான். வயது இருபதைத் தாண்டிவிட்டது. உப்புக் காற்று கதவின் அடியைத் தின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் திரும்பும்போதெல்லாம் அதன் வயிறு நிலத்தில் தட்டும்.

அது என் கைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும். என்னை விட்டுப் போனவர் இறால் வியாபாரத்தில் நல்லாயிருந்த காலத்தில் வாங்கிய கார். பிறகு இறாலும் விழுந்தது, நானும் அவருக்கு வேண்டாதவளாகிப் போனேன். தலாக் முடிந்து, பிரிந்து போகிறவன் மனைவிக்கு ஆறுதலுக்காகக் கொடுக்க வேண்டிய பொருளைப் பற்றி வழக்கை விசாரித்த காதியார் கேட்டபோது, அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "இத வெச்சிக்கட்டும்" என்றார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு. கார் அப்போதே பாதிச் சீக்கு. எனக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நாற்பத்தொன்பது வயதுப் பொம்பிளை அதை முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கோழிக்கூடாக்குவாள் என்று அவர் நினைத்திருப்பார்.

நான் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். ஏழு மாதத்தில் லைசனும் எடுத்தேன்.

அன்றிலிருந்து ஊர் வாய்க்கு அவல் நான்தான். ஆம்பிளை விட்டுட்டுப் போன காரில் ஊர் சுற்றுகிறாள் என்றார்கள். முந்தானை பறக்கப் போகிறாள் என்றார்கள். பறந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்தக் காரின் டிக்கியில் கருவாட்டு மூட்டை ஏற்றிப் புத்தளம் சந்தைக்குப் போய் வியாபாரம் செய்தேன். ஜெர்மன்காரன் கண்டால் நெஞ்சு வெடித்திருப்பான். தோல் இருக்கையிலிருந்து கட்டாக் கருவாட்டு வாசம் இன்றைக்கும் போகவில்லை.

நான் லைசன் எடுத்த முதல் கிழமை என் பக்கத்தில் தைரியமாக ஏறி உட்கார்ந்தவள் ஒரே ஒருத்தி. என் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். தைரியம் என்று சொன்னேனே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு புத்தளம் வரைக்கும் ஓதிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "நல்லா ஓட்டினீங்க ராத்தா" என்றாள். "நீ எங்கேடி பாத்தாய்?" என்று கேட்டேன். எதிர்த்துப் பேசத் தெரியாத பிறவி. கடையில் பழுதான தேங்காயைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்து சம்பலுக்கு அதையே துருவுவாள். புருஷன் பிறத்தியாருடைய போட்டில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். பெண்பிள்ளைகள் இரண்டும் கலியாணம் முடித்துத் தூரத்தில்.

அவளுக்குத்தான் கிட்னி இரண்டும் போனது.

கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் சனியும், புத்தளம் போய் மெஷினில் நாலு மணி நேரம் கிடந்து இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலையில் மணலில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடிப்பாள். போகும்போது எப்படியோ போய்விடுவாள். வரும்போதுதான் கேடு. மெஷினிலிருந்து எழுந்தவளுக்குத் தலை சுற்றும், கால் இழுக்கும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். பஸ்ஸில் இருக்கை கிடைக்காது. கேட்கவும் மாட்டாள். ஒரு சனிக்கிழமை நின்றபடியே வாந்தி எடுத்துவிட்டாள். கொண்டக்டர் பாலாவிச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உப்பு ஏற்ற நின்ற ஒரு லொறியின் நிழலில் அவள் பொழுது சாயும் வரைக்கும் கிடந்திருக்கிறாள்.

மறுநாள் வேலியடியில் நின்று இதைச் சொன்னபோது எனக்கு உச்சி கொதித்தது.

"அந்தக் கொண்டக்டர்ட நீ என்ன சொன்னாய்?"

"மன்னிச்சிக்கிங்க தம்பி எண்டு சொன்னன்."

"அட என்ட அல்லாஹ்வே! இறக்கிவிட்டவன்ட மன்னிப்புக் கேட்டியா?"

அதற்கும் அவள் சிரித்தாள். பிறகு, மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது மாதிரி, வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "இனிப் போறல்ல ராத்தா. இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறன். அல்லாஹ் போட்ட கணக்கு."

போகாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு கிழமை, மிஞ்சினால் மூன்று. எனக்கு வந்தது கோபம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பயம். எனக்குப் பக்கத்தில் உட்கார வேறு யார் இருந்தார்கள்?

"அல்லாஹ் போட்ட கணக்குலதான் என்ட காரும் இரிக்கி" என்றேன். "செவ்வாக்கிழம காலையில ஆறு மணிக்கி வாசல்ல நில்லு. நிக்காட்டி உள்ள வந்து கொண்டையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போவன்."

நின்றாள். மெஷின் முடிந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன் இருக்கையில் விட்டு, பொத்தானை அமுக்கிச் சாய்த்துப் படுக்க வைத்தேன். வெளியே தார் உருகுகிற வெயில். அவளோ பல் கிட்டி நடுங்குகிறாள். என் முக்காட்டைக் கழற்றிப் போர்த்தினேன், போதவில்லை. அப்போதுதான் அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது. அத்தனை வருடமும் நான் கேலி செய்த பொத்தான், கதிரைப் படமும் அதற்கு மேல் ஆவி பறக்கிற கோடும் போட்டது. அமுக்கினேன். கருவாட்டு வாசம் சூடேறி மூக்கைத் துளைத்தது. பாலாவி வருவதற்குள் நடுக்கம் நின்றுவிட்டது. மாம்புரியைத் தாண்டும்போது குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். அந்தக் காரைச் செய்தவனுக்கு அன்றைக்கு மனம் நிறைய துஆ கேட்டேன்.

ஒரு வருடம் அப்படிப் போனோம். பின் ஒழுங்கையில் இருந்த, உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு மூத்தப்பாவும் அதே நோயோடு பின் இருக்கையில் சேர்ந்துகொண்டார். பிறகு எனக்கிருந்த சீனி வருத்தம், சர்க்கரை நோய்தான், என் கண்ணுக்கு ஏறியது. ஒருநாள் ரோட்டோரத்தில் ஓர் ஆடு விலகாமல் நிற்கிறதென்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றேன். "ராத்தா, அது மைல்கல்லு" என்றாள் அவள் மெதுவாக. பின்னால் மூத்தப்பா "லா இலாஹ இல்லல்லாஹ்" என்றார். கண் டொக்டர் அதற்கு முன்பே ஓட்டக் கூடாதென்று சொல்லியிருந்தார். அன்றோடு நிறுத்தினேன்.

நிறுத்திய முதல் செவ்வாய்க்கிழமையே அவள் போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. முகம் ஊதி, கால் தடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "வீட்டு வேல இருந்திச்சி ராத்தா" என்று என்னிடமே பொய் சொன்னாள். அவளுடைய சொந்தத் தம்பி மீன் ஏற்றுகிற கூலர் லொறி ஓட்டுகிறவர். அவரைக் கூப்பிட்டு என் காரிலேயே உடனே ஏற்றி அனுப்பினேன். திரும்பி வந்ததும் வேலியடியில் வைத்துச் சொன்னேன்.

"இந்தக் கார ஒன்ட பேருக்கு எழுதித் தாரன். தம்பி ஓட்டட்டும்."

அவள் பயந்தே போனாள். "வேணா ராத்தா. இவ்வளவு பெரிய சாமான எப்பிடி வாங்குவன்? என்னக் கடன்காரியாக்காதீங்க. அதவிட மவுத்து லேசு."

கடனைவிடச் சாவு லேசாம்! வெட்கம் கெட்ட வீம்பு என்று திட்டினேன். ஆனால் அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. அவள் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் முதலில் போவது கார்தான். போனால் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் பஸ். விற்க முடியாத காராக இருக்க வேண்டும். யாருடைய தயவாகவும் இல்லாத காராக இருக்க வேண்டும். லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் இருந்தபடியே யோசித்தேன். வக்ஃபு! அல்லாஹ்வுக்கென்று ஒதுக்கிவிட்ட பொருளை விற்கவும் முடியாது, பிள்ளைகள் பங்கு கேட்கவும் முடியாது. கொடுத்தவர் இதற்குத்தான் என்று சொன்னால் அதற்குத்தான். அல்லாஹ்வின் பொருளில் ஏறி உட்கார்ந்தால் அவள் எனக்குக் கடன்காரியும் இல்லை.

பள்ளிவாசல் தலைவர் ஹாஜியாரின் கடைக்குப் போனேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எதைப் பார்த்தாலும் பள்ளிவாசலுக்குக் கட்டப்போகிற மேல்மாடியாகவே பார்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ் தங்கச்சி! அத வித்தா மேல்மாடிக்கித் தட்டுப் போட்டுறலாம்."

"விக்கிறதுக்கு இல்ல ஹாஜியார். கிட்னி நோயாளிகள் புத்தளம் போய் வாரதுக்கு."

"ஓம் ஓம். அப்ப வித்துட்டு த்ரீவீல் ஒண்டு எடுத்துக் குடுப்பம். ரெண்டு வேலையும் முடியும்."

"த்ரீவீல்ல படுக்க ஏலுமா?"

"அதெல்லாம் பொறகு பாத்துக்குவம். நீங்க ஒங்கட நிய்யத்த ஒரு கடுதாசில எழுதி அனுப்புங்க. ஜும்ஆக்குப் பொறகு வாசிச்சி துஆ ஓதிருவம்."

பொறகு பாத்துக்குவம்! அறுபது வயது வரைக்கும் ஆம்பிளைகளுடைய வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் 'பொறகு' என்ன நிறம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு வழக்கம் உண்டு. வக்ஃபு கொடுப்பவர் எழுதியதை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். நிய்யத்து, அந்த எண்ணம், கொடுத்தவருடையது; அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. தென்னந்தோட்டம் கொடுத்தவருடைய கடிதமானாலும் பாய் கொடுத்தவருடைய கடிதமானாலும் இரண்டு வரிதான் இருக்கும்: என் தாய் தகப்பனின் நன்மைக்காக இன்ன பொருளைக் கொடுக்கிறேன். அவ்வளவுதான். அதனால் அதை முன்கூட்டி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நான் இரண்டு வரி எழுதவில்லை. பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்நேரம் முழுக்க எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காரைக் கழுவித் துடைத்து அவளுடைய தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, பாங்கு சொல்கிற மோதினார் கையில் கொடுக்கச் சொன்னேன். தம்பி பிறகு வந்து சொன்னார்: பள்ளிவாசல் வாசலில் ஆம்பிளைகள் காரைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி நின்றார்களாம். ஹாஜியார் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, ஹோர்னும் அடித்துப் பார்த்தாராம். கடிதம் ஒன்று வந்த நினைவே ஒருவருக்கும் இல்லை.

நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்து ஒலிபெருக்கி கரகரத்தது. பள்ளிவாசல் செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் கடிதத்தைத் தொடங்கினார். முதல் இரண்டு வரி கம்பீரமாகப் போனது. இந்தக் கறுப்புக் காரை அல்லாஹ்வுக்காக வக்ஃபு செய்கிறேன். பிறகு குரல் மெதுவாகியது. இந்தக் கார் எங்கள் ஊரில் இரத்தம் சுத்தம் செய்யப் போகும் நோயாளிகளுக்கு மட்டும். அவர்கள் போகிற நாளில் வேறு எந்தத் தேவைக்கும், எவ்வளவு பெரிய மனிதருக்கும், அது போகக் கூடாது. செயலாளர் ஒரு தரம் இருமினார். நடுவில் விட்டுவிட்டு வாசிக்கவும் வழியில்லை; ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. இதன் சாவி பள்ளிவாசல் ஒபிசில் தொங்கக் கூடாது. நோயாளி ஒருவரின் வீட்டில், அவர் கை எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். அவர் மௌத்தானால் அடுத்த நோயாளியின் வீட்டில். அவரைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. பெற்றோலும் திருத்த வேலையும் பள்ளிவாசல் தென்னந்தோட்டத்து வருமானத்தில்.

அந்தக் கடைசி வரியை வாசிக்கும்போது செயலாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் வாசித்துவிட்டார், பாவம். உடனே மௌலவி துஆவுக்குக் கையேந்தினார். இந்த வக்ஃபை இதன் நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள் யா அல்லாஹ் என்று கேட்டார். பள்ளிவாசல் அதிர "ஆமீன்" என்றார்கள் எங்கள் ஊர் ஆம்பிளைகள். நானும் வெங்காயக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஆமீன் சொன்னேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள். ஹாஜியார், செயலாளர், மௌலவி. கதிரை போட்டேன், தேத்தண்ணீர் வைத்தேன். ஹாஜியார் தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"என்ன தங்கச்சி இது? பெற்றோல் பள்ளிட தோட்டத்துலயா? யாரக் கேட்டு எழுதின?"

"என்ட நிய்யத்த எழுதச் சொன்னீங்க, எழுதின. நீங்க ஆமீன் சொன்ன."

"நாங்க கேட்டா சொன்ன? துஆவுக்கு எல்லாரும் ஆமீன் சொல்றது தானே!"

"கேக்காம ஆமீன் சொல்றதும் என்ட பிழையா ஹாஜியார்?"

செயலாளர் நிலத்தைப் பார்த்தார். ஹாஜியாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப கார நீங்களே திருப்பி எடுத்துக்கிங்க. பள்ளிக்கி வேணா."

"குடுத்தத திருப்பி எடுக்க நான் என்ன, கக்கினதத் திருப்பித் தின்னுற நாயா?" என்றேன். என் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "அது இனி என்ட கார் இல்ல. ஒங்கட காரும் இல்ல. வித்தீங்க எண்டா நான் வந்து கேக்கமாட்டன். கேக்கிறவன் கேப்பான்."

அவர் விடவில்லை. வேறு வாசலால் வந்தார். "அந்நிய ஆம்பிள ஓட்டுற கார்ல பொம்புள நோயாளி தனியப் போறது நல்லதா? மார்க்கம் எண்டு ஒண்டு இரிக்கி தானே?"

"ஓட்டுறது அவள்ட கூடப் பொறந்த தம்பி. இவ்வளவு நாளும் பஸ்ஸுல முப்பது அந்நிய ஆம்பிளைகளுக்கு நடுவுல நிண்டுக்கிட்டுப் போனாளே, அப்ப எங்க போச்சி ஒங்கட மார்க்கம்?"

மௌலவி இளம் வயது, அதிகம் வாய் திறக்காதவர். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வக்ஃபு செஞ்சவங்கட நிபந்தனை மார்க்கத்துக்கு மாறா இல்லாட்டி அத மாத்த எங்களுக்கு உரிமை இல்ல ஹாஜியார். ஆமீனும் சொல்லியாச்சி."

ஹாஜியார் எழுந்துவிட்டார். படலையடியில் நின்று திரும்பி, "பழைய கார். அடியெல்லாம் உக்கிப் போயிரிக்கி. எத்தின நாளைக்கி ஓடும் எண்டு பாப்பம்" என்றார்.

"தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கிறீங்க" என்றேன். "ஓடுற மட்டும் ஓடட்டும். நீங்களும் நானும் அப்பிடித் தானே?"

சாவியை அவள் வீட்டுக் கதவுநிலையில் நானே ஆணி அடித்து மாட்டினேன். அவள் அதை ஏதோ பாம்பு தொங்குகிற மாதிரிப் பார்த்தாள். "எனக்கிட்ட என்னத்துக்கு ராத்தா? யாரும் வந்து கேட்டா நான் என்ன செய்ய?" என்றாள். யாரும் வந்து கேட்டால் இவள் கொடுத்துவிடுவாள் என்பதுதான் எனக்கும் நெஞ்சை அரித்தது. நிபந்தனை எல்லாம் எழுதினேன். அவளுக்கு ஒரு முதுகெலும்பை எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லையே!

கார் ஓடியது. இரண்டு தரம் நின்றது. பாஸ் முணுமுணுத்துக்கொண்டு வந்து திருத்தினார். செயலாளர் ஒவ்வொரு மாதமும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பெற்றோல் அடிக்க ஏற்பாடு செய்தார். செவ்வாய் தவறவில்லை, சனி தவறவில்லை. அவளுக்கு முகத்து ஊதல் வடிந்தது. பெரிய மகளுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன், மங்கலாகத்தான் என்றாலும்.

அப்படியிருக்க, ஹாஜியார் மகளுக்குக் கலியாணம் வந்தது. ஒரு சனிக்கிழமை. மாப்பிள்ளை புத்தளம் டவுணில் பெரிய இடம். மாப்பிள்ளையை அழைத்து வர ஊரில் அப்படி ஒரு கார் வேறு கிடையாது. வியாழக்கிழமை பின்நேரம் நான் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய குரல் கேட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"புள்ள, சாவியத் தா. சனிக்கிழம கலியாணத்துக்கு எடுக்கிறம். ஞாயித்துக்கிழம காலையில கொண்டு வந்து மாட்டிருவம்."

நேராகக் கேட்டுவிட்டார்! கேட்டுப் பழகிய குரல். இல்லை என்ற பதிலை அந்தக் குரல் எங்கள் ஊரில் அதிகம் கேட்டதில்லை. நான் வேலியடிக்குப் போய்விட்டேன். வேலித் தகரத்தில் கை வைத்து, வாயைத் திறக்கவும் போனேன். என்ன சொல்வது என்பதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எதுவோ என்னைத் தடுத்தது. சாவி அவள் வீட்டில் தொங்குகிறது. அவள்தான் சொல்ல வேண்டும்.

"சனிக்கிழம எனக்கி கிளினிக் ஹாஜியார்" என்றாள் அவள். குரல் நடுங்கியது. "பின் ஒழுங்க மூத்தப்பாக்கும்."

"தெரியும் புள்ள. ஒரு நாள் தானே? வேன் ஒண்டு புடிச்சிப் போங்க. இல்லாட்டி செவ்வாக்கிழம போங்க."

"ஏலா ஹாஜியார்."

"என்ன ஏலா? பள்ளிட சாமான் தானே, ஒன்ட வாப்பாட சாமானா?"

"பள்ளிட சாமான் தான். எழுதினபடி தான் ஓடும்."

ஹாஜியாருக்கு மூச்சு வாங்கியது எனக்கே கேட்டது. கோபத்தில் மனிதருக்கு வாய் தவறியது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "ஒரு நாள் போகாட்டி நீ மவுத்தாகிருவியா?" என்று கேட்டுவிட்டார்.

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருப்பாள். நான் தகரத்தை அழுத்திப் பிடித்ததில் விரல் வெட்டி இரத்தம் வந்ததைப் பிறகுதான் கண்டேன்.

"ஓம் ஹாஜியார்" என்றாள் அவள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "மவுத்தாகிருவன். அதுக்குத்தான் போறன். ஒங்கட மகள் நல்லா வாழணும், மெஷின்ல கிடந்து துஆ கேப்பன். சாவி தரமாட்டன்."

சனிக்கிழமை மாப்பிள்ளை வெள்ளை வேனில் வந்து இறங்கினார். அவர் வருவதற்கு வெகு நேரம் முன்பே, காலை ஆறு மணிக்கு, எங்கள் ஒழுங்கைத் திருப்பத்தில் அந்தக் காரின் வயிறு நிலத்தில் தட்டுகிற சத்தத்தை நான் படுக்கையிலிருந்தே கேட்டேன்.